தொற்றும் பரம்பரை: வயிற்றுளைவுக் கிருமியின் எதிர்ப்பாற்றல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போர்களின் வரலாற்றை எழுதியோர் படைகளின் எண்ணிக்கையையும் தளபதிகளின் திறனையும் விரித்துரைத்த அளவுக்குப் பாசறைகளின் மலகூடங்களைப் பற்றி எழுதினாரல்லர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை நிகழ்ந்த பெரும் போர்கள் பலவற்றில், வாளாலும் குண்டாலும் மாண்டோரிலும் பார்க்க நோயினால் மாண்டோர் தொகையே மிகுந்திருந்தது. அந்நோய்களுள் முன்வரிசையில் நின்றது தமிழில் சீதபேதி என்றும், இரத்தபேதி என்றும், ஈழத்துப் பேச்சு வழக்கில் வயிற்றுளைவு என்றும் வழங்கப்படும் நோயாகும். முற்றுகையிடப்பட்ட நகரங்கள், சிறைக்கூடங்கள், அகதி முகாம்கள், பஞ்சத்தால் இடம்பெயர்ந்த மக்கள் தங்கிய சத்திரங்கள் எங்கணும் இந்நோய் மனிதரைப் பின்தொடர்ந்தது. நல்ல நீரும் கைகழுவ வசதியும் இல்லாத இடமே அதன் இருப்பிடம். பத்து முதல் நூறு வரையிலான கிருமிகள் உடலுட் சென்றாலே நோய் உண்டாகிவிடும் என்பதை நோக்கும்போது, நெருக்கமாக வாழும் மக்களிடையே அது காட்டுத்தீ போலப் பரவுவதில் வியப்பில்லை.

இந்நோயின் வரலாறு இருபதாம் நூற்றாண்டில் எதிர்பாராத ஒரு திருப்பத்தைக் கண்டது. மருந்துக்கு அடங்காத கிருமி எவ்வாறு தோன்றுகின்றது என்னும் வினாவுக்கு அறிவுலகம் கொண்டிருந்த விடை முழுமையானதன்று என்பதை முதலில் உணர்த்தியது இந்த வயிற்றுளைவுக் கிருமியே. அதனை உணர்ந்தோர் யப்பானிய வைத்தியர்கள். அவர்கள் கண்டதை உலகம் ஏற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் சென்றன.

யப்பானியர் இந்நோயைச் 'செகிரி' என்பர். செந்நிறக் கழிச்சல் என்பது அதன் பொருள். 1897 ஆம் ஆண்டில் அந்நாட்டைப் பீடித்த செகிரிக் கொள்ளைநோயில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் நோயுற்றனர். இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது தோக்கியோவிலிருந்த தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், ஜேர்மனியில் றொபேட் கொக்கிடம் பயின்று திரும்பிய கிட்டசாத்தோ சிபாசபுரோவின் கீழ், கியோசி சிகா என்னும் இளைஞர் பணியாற்றினார். 1871 ஆம் ஆண்டிற் பிறந்த அவர் அப்பொழுதுதான் மருத்துவப் படிப்பை முடித்திருந்தார். நோயாளரின் மலத்திற் காணப்படும் எண்ணற்ற கிருமிகளுள் எது நோய்க்குக் காரணம் என்று பிரித்தறிவது எளிதன்று. சிகா கையாண்ட வழி எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. நோயுற்றவரின் குருதியிலிருந்து பெறப்பட்ட நீர்ப்பாயம் எந்தக் கிருமியை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்கின்றதோ, அதுவே நோயாளியின் உடல் எதிர்த்துப் போராடிய கிருமி என்று அவர் கொண்டார். அவ்வாறு தேடியபோது கோலுருவான ஒரு பற்றீரியா அகப்பட்டது. கொல்லப்பட்ட கிருமிகளிலிருந்து தயாரித்த தடுப்பு மருந்தை அவர் முதலில் தமது உடலிலேயே ஏற்றிக்கொண்டு அவதியுற்றார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அக்காலத்து ஆராய்ச்சியாளரின் இயல்பு அது.

பின்னர் அமெரிக்கரான பிளெக்ஸ்னர், இந்தியாவிற் பணியாற்றிய பிரித்தானியப் படை வைத்தியர் பொய்ட், தென்மார்க்கைச் சேர்ந்த சொன்னே ஆகியோர் ஆராய்ந்த வகைகளும் சேர, இப்பற்றீரியாக்கள் நான்கு இனங்களாக வகுக்கப்பட்டன. குடும்பம் முழுவதற்கும் 'சிகெல்லா' என்று சிகாவின் பெயரே இடப்பட்டது. நால்வகையுள்ளும் சிகா கண்ட வகையே கொடியது. அது உண்டாக்கும் தொட்சினும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

சிகாவின் வாழ்வில் மற்றொரு பகுதி இக்கட்டுரைக்குப் பெரிதும் இயைபுடையது. 1901 ஆம் ஆண்டில் அவர் ஜேர்மனிக்குச் சென்று பிராங்போட் நகரிற் போல் ஏர்லிக் என்னும் பேரறிஞரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். உடலைத் தாக்காது கிருமியை மட்டும் தாக்கும் இரசாயனப் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தவர் ஏர்லிக். 1904 ஆம் ஆண்டில் ஏர்லிக்கும் சிகாவும் சேர்ந்து, திரிப்பனசோமா என்னும் ஒட்டுண்ணியால் நோயுற்ற எலிகளை ஒரு செஞ்சாயத்தாற் குணப்படுத்திக் காட்டினர். இரசாயன மருத்துவம் என்னும் துறையின் தொடக்கங்களுள் இஃது ஒன்று. ஆனால் அதே ஆய்வுகூடத்திலேயே, 1907 ஆம் ஆண்டளவில், மருந்து சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்ட எலிகளில் அம்மருந்துக்கு மசியாத ஒட்டுண்ணிகள் தோன்றுவதும் காணப்பட்டது. மருந்தும் எதிர்ப்பாற்றலும் ஒரே கூரையின் கீழ், மூன்றாண்டு இடைவெளியிற் பிறந்தன எனலாம். நுண்ணுயிர்கொல்லிகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே எதிர்ப்பாற்றல் என்னும் தொல்லை அறியப்பட்டது எனச் சிலர் எழுதுவது இக்காரணத்தாற் பொருந்தாது.

இனி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய யப்பானுக்கு வருவோம். குண்டுவீச்சினால் நகரங்கள் தரைமட்டமாயின. குழாய்நீரும் கழிவகற்றலும் சீர்குலைந்தன. வெளிநாடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் திரும்பி வந்துகொண்டிருந்தனர். இத்தகைய சூழ்நிலையில் வயிற்றுளைவு பரவாதிருந்தாலே வியப்பாகும். அதற்கெதிராக 1945 இன் பின் சல்பா மருந்துகள் பெருமளவில் வழங்கப்பட்டன. 1935 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான டொமாக் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இம்மருந்துகள் மலிவானவை, வாயால் உட்கொள்ளத்தக்கவை. முதலிரு ஆண்டுகளில் நோயாளர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 1949 இலிருந்து அது மீண்டும் ஏறத் தொடங்கியது. 1952 ஆம் ஆண்டளவில் ஓராண்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுறும் நிலை உண்டாயிற்று. நோயாளரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சிகெல்லாக்களுள் ஐந்தில் நான்கு சல்பா மருந்துக்கு அடங்காதவையாய் இருந்தன.

இதில் எவரும் பெரிதாகத் திகைக்கவில்லை. ஏனெனில் இதற்குரிய விளக்கம் ஏலவே கைவசமிருந்தது. 1943 ஆம் ஆண்டில் லூரியா, டெல்புறூக் என்னும் இருவர், பற்றீரியாவில் விகாரங்கள் தற்செயலாகத் தோன்றுகின்றன என்று நிறுவியிருந்தனர். கோடிக்கணக்கான கலங்களுள் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் தன்மையைத் தற்செயலாகப் பெறுகின்றன. மருந்து ஏனையவற்றை அழித்துவிட, அவ்வொன்றிரண்டின் வழித்தோன்றல்களே எஞ்சிப் பெருகுகின்றன. மருந்து எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளதைத் தெரிந்தெடுக்கின்றது. தாயிடமிருந்து சேய்க்கு, சேயிடமிருந்து அதன் சேய்க்கு என்று வழிவழியாக இறங்கும் சொத்தாகவே எதிர்ப்பாற்றல் கருதப்பட்டது. இவ்விளக்கம் தவறானதன்று. இன்றும் காசநோய்க் கிருமியின் எதிர்ப்பாற்றலுக்கு அதுவே விளக்கமாகும். இதிலிருந்து நடைமுறை விதியொன்றும் பெறப்பட்டது: ஒரு மருந்துக்கு விகாரம் தோன்றுவது அரிது, ஒரே கலத்தில் ஒரே காலத்தில் இரு மருந்துகளுக்குத் தோன்றுவது அரிதினும் அரிது, ஆகவே மருந்துகளை மாற்றியும் சேர்த்தும் கொடுத்தாற் கிருமி தப்பாது.

இவ்விதியை நம்பியே யப்பானிய வைத்தியர்கள் சல்பாவைத் தொடர்ந்து ஸ்ரெப்ரோமைசின், ரெற்ராசைக்கிளின், குளோரம்பெனிகோல் ஆகிய நுண்ணுயிர்கொல்லிகளைக் கையாண்டனர். 1955 ஆம் ஆண்டில் ஹொங்கொங்கிலிருந்து நாடு திரும்பிய ஒரு பெண்ணிடம் வயிற்றுளைவு காணப்பட்டது. அவரிடமிருந்து பெறப்பட்ட சிகெல்லா, மேற்கூறிய மூன்றுக்கும் சல்பாவுக்குமாக நான்கு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காததாயிருந்தது. அஃது ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிடத்தக்கதாயிருக்கவில்லை. 1957 இலிருந்து யப்பானின் பல பாகங்களிலும் இத்தகைய பன்மருந்தெதிர்ப்புக் கிருமிகள் ஆண்டுதோறும் பெருகின.

கணக்கைப் பார்த்தாற் புதிர் தெளிவாகும். ஒரு மருந்துக்கான விகாரம் ஒரு கோடிக் கலங்களுள் ஒன்றில் நிகழ்கின்றது எனக் கொண்டால், நான்கும் ஒரே கலத்தில் ஒருங்கே நிகழ்வதற்குரிய வாய்ப்பு, ஒன்றின் பின் இருபத்தெட்டுப் பூச்சியங்கள் இட்டு வரும் எண்ணில் ஒன்றாகும். அத்தனை பற்றீரியாக்களைப் பெற எந்த நோயாளியின் குடலும் போதாது. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்திருக்கலாமே எனின், ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமிகள் இடைப்படிகளாகப் பெருமளவிற் காணப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு காணப்படவில்லை. சல்பாவுக்கு மட்டும் அடங்காதவை ஒருபுறமும், நான்குக்கும் அடங்காதவை மறுபுறமுமாகவே பெரும்பாலும் கிடைத்தன.

விடைக்கு வழிகாட்டியவை ஆய்வுகூடப் பரிசோதனைகளல்ல; நோயாளர் விடுதிகளின் பதிவேடுகளே. ஒரே கொள்ளைநோயின்போது, ஒரே மூலத்திலிருந்து ஒரே வகைச் சிகெல்லாவால் நோயுற்றோருள், சிலரின் கிருமி மருந்துக்கு அடங்கியது. சிலரின் கிருமி நான்கு மருந்துக்கும் அடங்கவில்லை. ஒரே நோயாளியின் உடலிலேயே இருவகைக் கிருமிகளும் காணப்பட்டதுண்டு. ஒரு மருந்து மட்டுமே உட்கொண்ட நோயாளியிடம், அவர் ஒருபோதும் உட்கொள்ளாத ஏனைய மருந்துகளுக்கும் அடங்காத கிருமி தோன்றியது. இவற்றினும் மேலாக, அத்தகைய நோயாளரின் குடலில் நோயெதுவும் செய்யாது இயல்பாக வாழும் கோலி என்னும் பற்றீரியாவைச் சோதித்தபோது, அதுவும் அதே நான்கு மருந்துகளுக்கும் அடங்காததாய் இருந்தது. சிகெல்லாவும் கோலியும் உறவினவேயெனினும் வெவ்வேறானவை. இரண்டும் ஒரே நான்கு எதிர்ப்பாற்றல்களைத் தனித்தனியே பெற்றன என்பது நம்பத்தக்கதன்று.

தோக்கியோவில் அக்கிபா தொமோயிச்சிரோ இதிலிருந்து துணிவானதோர் ஊகத்துக்கு வந்தார். கோலியிடமிருந்த எதிர்ப்பாற்றல் குடலுக்குள்ளேயே சிகெல்லாவுக்குக் கைமாறியிருக்க வேண்டும் என்பதே அவ்வூகம். 1959 ஆம் ஆண்டில் அக்கிபாவின் குழுவினரும், நகோயாவில் ஒச்சியாய் குனித்தாரோவின் குழுவினரும், ஒருவரையொருவர் சாராது இதனைச் சோதித்தனர். மருந்துக்கு அடங்காத கோலியையும் மருந்துக்கு அடங்கும் சிகெல்லாவையும் ஒரே வளர்ப்பூடகத்திற் கலந்து வைத்தனர். பின்னர் எடுத்துப் பார்த்தபோது, நான்கு மருந்துக்கும் அடங்காத சிகெல்லா அங்கே வளர்ந்திருந்தது. பரிசோதனை இவ்வளவே. இதற்கு அரிய கருவியெதுவும் வேண்டியிருக்கவில்லை. மேலைநாட்டின் வசதிமிக்க ஆய்வுகூடமெதிலும் செய்திருக்கக்கூடிய இதனை எவரும் செய்யாமைக்குக் காரணம், இவ்வாறு நிகழும் என்று எவரும் எண்ணாமையேயாகும்.

நிகழ்வதெவ்வாறு என்பதை விளக்கியவர் கெயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வத்தனாபே சுத்தோமு. அவரும் புக்கசாவாவும் 1960 முதல் வெளியிட்ட ஆய்வுகள், எதிர்ப்பாற்றலைக் கொடுக்கும் கலமும் பெறும் கலமும் ஒன்றையொன்று தொட்டாலன்றி இம்மாற்றம் நிகழாது என்பதைக் காட்டின. கலங்களை அகற்றிய வடிதிரவத்தை மட்டும் சேர்த்தாற் பயனில்லை. பற்றீரியாக்கள் தம்முள் இணைந்து பரம்பரைப் பொருளைப் பரிமாறிக்கொள்ளும் என்பதை 1946 ஆம் ஆண்டிலேயே லெடபேக், தேற்றம் என்னும் இருவர் கண்டிருந்தனர். எதிர்ப்பாற்றலும் அவ்வழியே செல்கின்றது என்பது இப்பொழுது தெளிவாயிற்று. மேலும், சில சாயப்பொருள்களைச் சேர்த்து வளர்த்தபோது பற்றீரியா நான்கு எதிர்ப்பாற்றல்களையும் ஒருங்கே இழந்தது. இதனால், அவற்றுக்குரிய பரம்பரையலகுகள் கலத்தின் நிறமூர்த்தத்திற் சிதறிக் கிடக்கவில்லை. நிறமூர்த்தத்துக்குப் புறம்பான, தானே பெருகவல்ல சிறு கூறொன்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன என்னும் முடிவு பெறப்பட்டது. பிளாசுமிட்டு என்று இன்று வழங்கப்படுவது அக்கூறே. ஒரு வீட்டாரின் முதுசொம் மக்களுக்கு இறங்குவது போலன்றி, கைமாற்றாக அயலாருக்குக் கொடுக்கப்படும் பொருள் போன்றது அது. கொடுத்தவரிடம் அது குறைவதுமில்லை. ஏனெனிற் கொடுக்கப்படுவது பிரதியே.

1963 ஆம் ஆண்டில் வத்தனாபே ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட கட்டுரைக்குத் 'தொற்றும் பரம்பரை' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். தொற்று என்பதும் பரம்பரை என்பதும் மருத்துவத்தில் அதுகாறும் எதிரெதிரான சொற்களாயிருந்தன. ஒருவருக்கு வந்த நோய் பிறரிடமிருந்து தொற்றியதா, பெற்றோரிடமிருந்து இறங்கியதா என்பதே வைத்தியர் கேட்கும் வினா. அவ்விரு சொற்களையும் ஒன்றாகச் சேர்த்த அத்தலைப்பிலேயே கண்டுபிடிப்பின் முழுப் பொருளும் அடங்கியிருந்தது.

இக்கண்டுபிடிப்பு உடனடியாக உலகை எட்டவில்லை. 1959 ஆம் ஆண்டின் ஆய்வுகள் யப்பானிய மொழியில், யப்பானிய மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. அவற்றை வாசிக்கத்தக்கோர் மேலைநாடுகளில் மிகச் சிலர். மொழி ஒன்றையே இதற்குக் காரணமாகக் கூறுவதும் நிறைவானதாகாது. ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரும், இஃது யப்பானுக்குரிய ஒரு விசித்திரம் என்று கருதியோர் இருந்தனர். அக்கருத்தைத் தகர்த்தவர்களுள் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையிற் பணியாற்றிய நயோமி தத்தா முக்கியமானவர். 1959 ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலையிற் பரவிய சல்மொனெல்லாத் தொற்றின்போது சேகரித்து வைத்த கிருமிகளை அவர் மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். தொடக்கத்திற் கிடைத்தவை மருந்துக்கு அடங்கின. பிந்திக் கிடைத்தவற்றுட் சில பல மருந்துகளுக்கு அடங்கவில்லை. அவ்வெதிர்ப்பாற்றல் கோலிக்கும் கைமாறியது. 1962 இல் இதனை அவர் வெளியிட்டார். யப்பானிற் கண்டது இலண்டனிலும் இருந்தது. தேடுவார் இருக்கவில்லை, அவ்வளவே. தொடர்ந்து அன்டர்சன் என்பவர் பிரித்தானியப் பண்ணைக் கன்றுகளில் இதே நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். கால்நடைத் தீனியில் நுண்ணுயிர்கொல்லிகளைக் கலப்பதைக் கட்டுப்படுத்துமாறு 1969 ஆம் ஆண்டில் சுவான் குழு விதந்துரைத்தமைக்கு அன்டர்சனின் முயற்சி ஒரு காரணமாகும். சிகா இவற்றைக் காணவில்லை. போரில் வீட்டை இழந்து, செண்டாய்ப் பகுதியில் எளிய வாழ்வு வாழ்ந்த அவர் 1957 ஆம் ஆண்டு சனவரியிற் காலமானார்.

அறிவு கிட்டியபின் அது மக்களுக்குப் பயன்படவேண்டும் என்னும் நியதி எதுவுமில்லை என்பதற்குக் குவாத்தமாலா சான்றாகும். 1968 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மெக்சிக்கோ எல்லையை அண்டிய குவாத்தமாலாக் கிராமங்களில் இரத்தக் கழிச்சலால் மக்கள் மாளத் தொடங்கினர். நோயாளரின் மலத்தை நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது அமீபாக்கள் தென்பட்டன. ஆகவே இஃது அமீபா வயிற்றுளைவு எனத் தீர்மானிக்கப்பட்டு, அதற்குரிய எமெற்றின் என்னும் கடும் மருந்து கொடுக்கப்பட்டது. உண்மை யாதெனின், அப்பிரதேசத்தில் நோயெதுவும் இல்லாதோர் பலரின் குடலிலும் அமீபா இருந்தது. காணப்பட்டதையே காரணமாகக் கொண்ட பிழை அது. சிகாவின் கிருமி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் பல பாகங்களிலும் அருகிப்போயிருந்தமையால், அதனை எவரும் எதிர்பார்க்கவில்லை. பகிரத எத்தனத்தின் பின், மத்திய அமெரிக்கப் போசாக்கு நிலையத்தைச் சேர்ந்த லியோனார்தோ மாத்தாவும் அவர் குழுவினரும் 1969 ஆம் ஆண்டில் உண்மைக் கிருமியைப் பிரித்தெடுத்தனர். அது சிகா கண்ட அதே கொடிய வகை. சல்பா, ஸ்ரெப்ரோமைசின், ரெற்ராசைக்கிளின், குளோரம்பெனிகோல் ஆகிய நான்குக்கும் அது அடங்கவில்லை. யப்பானிற் பத்தாண்டுகளுக்கு முன் கண்ட அதே நான்கு.

அதற்கிடையிற் காலம் கடந்துவிட்டது. குவாத்தமாலாவில் மட்டும் 1969 ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோருட் பெருந்தொகையினர் சிறுவர்கள். அயல்நாடுகளையும் சேர்த்து நோக்குமிடத்து, 1973 வரையில் மத்திய அமெரிக்காவில் ஐந்து இலட்சம் பேர் வரை நோயுற்று இருபதினாயிரம் பேர் வரை உயிரிழந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. அம்பிசிலின் அப்பொழுது பயனளித்தது. ஆனால் விலையுயர்ந்த அம்மருந்து மலைக்கிராமங்களுக்கு உரிய வேளையிற் சென்றடையவில்லை. இக்கொள்ளைநோயைக் கிருமியின் வலிமையால் மட்டும் விளக்க முயல்வது பொருந்தாது. மாயா இந்தியக் கிராமங்களின் வறுமை, நீர்வசதியின்மை, ஊட்டக்குறைவு, வைத்தியர் இன்மை ஆகியன அக்கிருமிக்கு முன்னரே அங்கு நிலைகொண்டிருந்தன.

1972 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவிற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை நெருப்புக்காய்ச்சல் தாக்கியபோது, அக்கிருமியும் இதே நான்கு மருந்துகளுக்கும் அடங்கவில்லை. வயிற்றுளைவுக் கிருமியின் பிளாசுமிட்டே நெருப்புக்காய்ச்சற் கிருமிக்குத் தாவியது என்று பலரும் உடனே கருதினர். ஆராய்ந்தபோது இரண்டும் வெவ்வேறு பிளாசுமிட்டுகள் எனத் தெரியவந்தது. கவர்ச்சிமிக்க விளக்கம் எப்பொழுதும் உண்மை விளக்கமாவதில்லை. ஆயின் இம்முடிவு ஆறுதல் அளிப்பதாகவுமில்லை. ஒரே மருந்துகள் ஒரே விதமாக விற்கப்பட்ட நாடுகளில், வெவ்வேறு கிருமிகள் வெவ்வேறு வழியாக ஒரே இடத்தை வந்தடைந்தன என்பதே அதன் பொருள்.

எழுபதுகளில் பங்களாதேசமும் தென்னிந்தியாவும் இலங்கையும் பன்மருந்தெதிர்ப்புடைய சிகாக் கிருமியின் தாக்குதலுக்கு உள்ளாயின. மத்திய ஆபிரிக்காவில், 1979 இன் இறுதியிற் சயீரிற் தொடங்கிய கொள்ளைநோயின் வரலாறு இன்னும் தெளிவானது. அங்கே அம்பிசிலினும் ஏலவே பயனற்றுப் போயிருந்தமையாற் கோ-திரைமொக்சசோல் கொடுக்கப்பட்டது. 1981 அளவில் அதற்கும் கிருமி அடங்கவில்லை. நலிடிக்சிக் அமிலம் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதுவும் கைவிட்டது. 1994 ஆம் ஆண்டில் றுவாண்டாவிலிருந்து தப்பியோடிக் கோமா நகரின் எரிமலைப் பாறைகளின் மேல் முகாமிட்ட அகதிகளை வாந்திபேதி முதலில் வருத்தியது. அதனைத் தொடர்ந்து வந்த வயிற்றுளைவு வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் சிகாவின் வகை மீண்டும் அருகிவிட்டது. அதன் இடத்தைச் சொன்னேயின் வகை பிடித்துக்கொண்டுள்ளது. சிப்புறோபுளொக்சசினுக்கு அடங்காத சொன்னே வகை உலகெங்கும் பரவியதற்குத் தென்னாசியாவே ஊற்றாக அமைந்தது என 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2024 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலிற் சிகெல்லாவும் இடம்பெற்றுள்ளது.

எதிர்ப்பாற்றல் முழுவதும் மனிதன் மருந்தைக் கையாண்டதன் விளைவா, அன்றி மருந்துக்கு முன்னரே இருந்ததா என்னும் வினா இங்கு எழுகின்றது. வரலாற்று மாணவருக்கு இவ்வினா விருப்பமானது. ஏனெனில் இதற்கு விடை கூறுவது பழைய ஆவணமே. இவ்விடயத்தில் ஆவணம் ஓலையுமன்று, கல்லுமன்று, உயிருள்ள கிருமி. முறே என்னும் பற்றீரியா அறிஞர், 1917 முதல் 1954 வரை உலகின் பல பாகங்களிலிருந்தும் குடற்கிருமிகளைச் சேகரித்துக் குழாய்களில் அடைத்து வைத்திருந்தார். அவற்றுட் பெரும்பாலானவை நுண்ணுயிர்கொல்லிகள் பரவலாவதற்கு முற்பட்டவை. 1983 ஆம் ஆண்டில் ஹியூஸ் என்பவருடன் சேர்ந்து அவற்றைச் சோதித்தவர், முன்னர் கூறப்பட்ட அதே நயோமி தத்தா. நாலிலொரு பங்கு அளவான கிருமிகளிற் கைமாறவல்ல பிளாசுமிட்டுகள் இருந்தன. ஆனால் அவற்றில் எதிர்ப்பாற்றலுக்குரிய பரம்பரையலகுகள் ஏற்றப்பட்டிருக்கவில்லை. வண்டிகள் முன்னரே ஓடிக்கொண்டிருந்தன. சரக்கு ஏறியது பின்னரே. ஏறியது பெரும்பாலும் நாற்பது ஆண்டுகளுக்குள். இம்முடிவு மனிதன்மேற் பெரும்பழியைச் சுமத்துகின்றது.

இதனோடு வைத்து எண்ணத்தக்க இன்னொரு சான்றும் உண்டு. 1915 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிரான்சின் கரையோர நகரான விமெறோவிலிருந்த பிரித்தானியப் படை வைத்தியசாலையில், ஏர்னஸ்ட் கேபிள் என்னும் இருபத்தெட்டு வயதுப் போர்வீரர் வயிற்றுளைவினால் மாண்டார். அவர் உடலிலிருந்து படை வைத்தியரொருவர் பிரித்தெடுத்த சிகெல்லா, 1920 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் தேசியக் கிருமிச் சேகரிப்பு நிறுவப்பட்டபோது அதன் முதலாம் இலக்கத்தைப் பெற்றது. ஏறத்தாழ நூறாண்டுகள் உறங்கிய அக்கிருமியை உயிர்ப்பித்துச் சோதித்தோர் 2014 ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டனர். பெனிசிலினுக்கும் எரித்ரோமைசினுக்கும் அது அடங்கவில்லை. பிளெமிங் பெனிசிலினைக் காண்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மாண்ட மனிதரின் கிருமி அது. எனினும் பின்னாளைய சிகெல்லாக்களோடு ஒப்பிட்டபோது, அவை இடையிற் புதிதாகச் சேர்த்துக்கொண்ட எதிர்ப்பாற்றல்கள் பல அதனிடம் இருக்கவில்லை. சிறிதளவு அதனோடு பிறந்தது. பேரளவு பின்வந்தோரால் ஊட்டப்பட்டது.

கேபிளின் கல்லறை விமெறோவிலுள்ள போர்வீரர் மயானத்தில் இருக்கின்றது. நீரகற்றி உலர்த்தப்பட்ட அவருடைய கிருமி, கண்ணாடிக் குப்பியொன்றில், இங்கிலாந்தில் இன்றும் உயிரோடிருக்கின்றது.